நிறுவைக்கு நிற்கும் வரிசை

தை, மாசி மாதங்களில் ஆத்தூர் வட்டாரத்தில் அதிகாலையில் உலாவக் கிளம்புகிறவன், ஜவ்வரிசி ஆலைகளின் வாசலில் மரவள்ளிக் கிழங்கு ஏற்றிய டிராக்டர்களும் லாரிகளும் வரிசை கட்டி நிற்பதையும், அவற்றின் அடியில் சாக்கை விரித்து ஓட்டுநர்கள் உறங்குவதையும், கிழங்கின் ஈரமண் வாசனையோடு ஆலையிலிருந்து வரும் திப்பியின் புளித்த வாடை கலந்து காற்றில் நிற்பதையும் கண்டும் நுகர்ந்தும் பழகியிருப்பான். நான் பிறந்து வளர்ந்தது அந்த வாடைக்குள்ளேதான். ஆயினும் எனக்குச் சோறு போட்டது கிழங்கு அல்ல, கம்ப்யூட்டர் மென்பொருள். அதிலும் கடைசிப் பத்தாண்டுகளில் பெரும்பகுதி, ஒரு யந்திரத்தின் முன்னால் காத்து நிற்கும் பரீட்சைகளை எந்தக் கிரமத்தில் உள்ளே அனுப்புவது என்ற ஒரே விஷயத்தில் கழிந்தது. அந்த வித்தையில் பாதியைப் பெங்களூரில் புத்தகங்களிலிருந்தும் மறுபாதியை ஆலை வாசலிலிருந்தும் கற்றேன் என்று சொன்னால், என் பழைய சகாக்கள் சிரிப்பார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் சிரிக்க மாட்டார்கள்.

நிறுவனத்தின் பெயர் இங்கே அவசியமில்லை. தரவுகளைச் சேமித்து வைத்துக் கேட்டபோது எடுத்துக் கொடுக்கும் டேட்டாபேஸ் எஞ்சின் ஒன்றை, பெங்களூரிலும் புனேயிலும் ஐரோப்பாவின் இரண்டு மூன்று நகரங்களிலுமாக அமர்ந்து, ஏறக்குறைய நாற்பது பேர் எழுதிக்கொண்டிருந்தோம். இத்தகைய மென்பொருளில் ஒருவர் பத்து வரிகளை மாற்றினால், அது சரியான விடையைத் தருகிறதா என்று பார்ப்பது ஒரு பரீட்சை. சரியான அந்த விடையையே முன்பைவிட மெதுவாகத் தருகிறதா, விரைவாகத் தருகிறதா என்று பார்ப்பது மற்றொரு பரீட்சை. பின்னதற்குத்தான் பெஞ்ச்மார்க் என்று பெயர். முன்னதை ஒரே சமயத்தில் நூறு யந்திரங்களில் பரப்பி நடத்திவிடலாம். பின்னதை அப்படி நடத்த இயலாது. ஒரே யந்திரத்தில் இரண்டு பெஞ்ச்மார்க்குகளைச் சேர்த்து ஓட்டினால், இரண்டும் ஒரே கேஷ் நினைவகத்தையும் ஒரே மெமரிப் பாதையையும் பங்கு போட்டுக்கொண்டு, பங்காளிச் சண்டையில் இருவர் விளைச்சலும் கெடுவதுபோல், இரண்டின் எண்களையும் கெடுத்துவிடும். சூடேறினால் பிராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். வெவ்வேறு யந்திரங்களில் ஓட்டினாலோ, மாற்றத்தின் குணத்தை அளக்கிறோமா, யந்திரத்தின் குணத்தை அளக்கிறோமா என்பதே தெரியாமல் போகும். ஆகையால் எங்கள் ஏற்பாடு, எங்கோ ஒரு தூர தேசத்துக் கட்டடத்தில் வாடகைக்கு எடுத்த ஒரே யந்திரம், ஒரு நேரத்தில் ஒரே பரீட்சை என்பது. ஒரு பரீட்சைக்கு ஒன்றேகால் மணி நேரம் பிடித்தது. இரவு பகல் ஓய்வின்றி ஓடினாலும் நாளொன்றுக்குப் பத்தொன்பதுக்கு மேல் முடியாது. சில நாட்களில் விண்ணப்பங்களோ முப்பது வந்தன. அங்கேதான் வரிசை பிறந்தது.

எங்கள் ஊர்க் கிழங்குக்கும் இப்படி ஒரு பரீட்சை உண்டு. மரவள்ளியை வெறும் எடைக்கு மட்டும் வாங்குவதில்லை. அதில் மாவுச்சத்து எவ்வளவு என்று பார்த்துப் பாயிண்ட் கணக்கில்தான் விலை சொல்வார்கள். வண்டியிலிருந்து மாதிரிக்குக் கொஞ்சம் கிழங்கை எடுத்து, மண் போகக் கழுவி, காற்றில் ஒரு முறையும் தண்ணீருக்குள் அமிழ்த்தி ஒரு முறையும் நிறுத்தால், மாவு அதிகமுள்ள கிழங்கு தண்ணீரிலும் கனத்து நிற்கும். அந்தக் கனத்திலிருந்து பாயிண்ட் வரும். ஒரு பாயிண்ட் கூடினால் விவசாயியின் முகம் மலரும். குறைந்தால் தராசின் மேல் சந்தேகம் வரும். ஒருவர் கிழங்கை ஓர் ஆலையின் தராசிலும் பக்கத்து வயல்காரர் கிழங்கை வேறோர் ஆலையின் தராசிலும் நிறுத்துவிட்டு, இருவரில் யார் கிழங்கு உயர்ந்தது என்று திண்ணையில் வாதாடுகிறவர்களைச் சிறு வயதில் பார்த்து, இந்த வாதம் எக்காலத்திலும் தீராது என்று மட்டும் எனக்கு விளங்கியிருந்தது. ஏன் தீராது என்பது விளங்க, நான் கம்ப்யூட்டருக்குப் போக வேண்டியிருந்தது.

முதலில் நான் செய்த வரிசை, எந்த ரேஷன் கடையிலும் காணக்கூடிய வரிசைதான்: முன்னால் வந்தவருக்கு முன்னால். அதைவிட நியாயமானது வேறில்லை என்று அப்போது நம்பினேன். ஒரு வெள்ளிக்கிழமை மாலை, உற்சாகம் மிகுந்த இளைஞர் ஒருவர், தாம் எழுதிய ஒரே மாற்றத்தைப் பன்னிரண்டு விதமாகத் திருத்திப் பன்னிரண்டு விண்ணப்பங்களாகப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனார். ஒன்றேகால் மணி வீதம் பதினைந்து மணி நேரம் யந்திரம் அவருடையதாகிவிட்டது. அவருக்குப் பின்னால், மறுநாள் வாடிக்கையாளர்களுக்குப் போக வேண்டிய ஓர் அவசரத் திருத்தம் நின்றது. பன்னிரண்டும் ஒருவருடையவை, பதின்மூன்றாவது எல்லோருடையதும் என்று அறியும் கண் அந்த வரிசைக்கு இல்லை. அது நேரத்தை மட்டுமே பார்த்தது.

இவ்விடத்தில் ஒரு கணக்கைச் சொல்லியாக வேண்டும். கணக்குப் பிடிக்காதவர்கள் ஒரு பத்தியைத் தாண்டிப் போகலாம். கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில் வேலை பார்த்த எர்லாங் என்ற டேனிஷ் கணித நிபுணர், டெலிபோன் அழைப்புகள் வரும் விதத்தைப் பற்றி 1909இல் ஒரு கட்டுரை எழுதினார். வரிசை சாஸ்திரத்தின் பிள்ளையார் சுழி அதுவே. விண்ணப்பங்கள் ஒரு நியதியின்றி முன்னும் பின்னுமாக வருகின்றன, ஒவ்வொன்றுக்கும் ஆகும் நேரம் மட்டும் ஒன்றே என்று வைத்துக்கொண்டால், யந்திரம் நூற்றுக்கு எண்பது பங்கு நேரம் வேலை செய்யும்போது புதிதாக வருகிறவர் சராசரியாக இரண்டு பரீட்சைகளின் நேரம் காத்திருக்க வேண்டும், தொண்ணூறு பங்கானால் நாலரை, தொண்ணூற்றைந்தானால் ஒன்பதரை. எங்கள் யந்திரத்தில் ஒன்பதரை என்றால் ஏறத்தாழப் பன்னிரண்டு மணி நேரம். எண்பதிலிருந்து தொண்ணூற்றைந்துக்குப் போனது வேலையில் ஐந்தில் ஒரு பங்கைவிடக் குறைவு. காத்திருப்போ ஐந்து மடங்குக்குக் கிட்டே போய்விட்டது. "யந்திரம் சும்மா இருக்கவே கூடாது, கொடுக்கும் வாடகை வீண்" என்று கணக்குப் பிள்ளைகள் சொல்லும்போதெல்லாம் இந்த எண்களை நான் அவர்களுக்கு எழுதிக் காட்டியிருக்கிறேன். அவர்கள் அவற்றைப் படித்தார்கள் என்பதற்கு அத்தாட்சி ஏதும் எனக்குக் கிடைத்ததில்லை.

இரண்டாவது முறை, விண்ணப்பிக்கிறவரே தம் அவசரத்தை ஒன்று முதல் பத்து வரை ஓர் எண்ணாகச் சொல்லட்டும் என்று விட்டேன். இதன் கதி என்னவாகும் என்பது சர்க்கார் அலுவலகத்தில் ஒரு நாளேனும் காத்திருந்த எவருக்கும் தெரியும். முதல் வாரத்தில் நாலும் ஐந்தும் வந்தன. இரண்டாம் வாரத்தில் ஏழும் எட்டும். ஒரு மாதத்துக்குள் எல்லா விண்ணப்பங்களின் மேலும் பத்து என்று எழுதியிருந்தது. ஒரே ஒருவர் மட்டும், ஜெர்மனிக்காரர், விடாப்பிடியாக மூன்று என்றே போட்டுவந்தார். அவருடைய பரீட்சை பதினெட்டு நாள் நடக்கவேயில்லை. அவர் புகார் சொல்லவில்லை என்பதுதான் எனக்கு அதிக வெட்கத்தைத் தந்தது.

உண்மையான தவறு எங்கே இருந்தது என்பதைப் பிற்பாடுதான் கண்டேன். நிற்பவை மனிதர்கள் என்று எண்ணிக்கொண்டு நான் வரிசையை அமைத்தேன், நின்றவையோ அளவைகள். ஓர் அளவை தனியாக நின்றால் அதற்குப் பொருளே இல்லை. "இந்த மாற்றத்தோடு 412 விநாடி ஆயிற்று" என்றால், மாற்றத்துக்கு முன் எத்தனை என்று உடனே கேள்வி வரும். மாற்றம் எந்த நிலையிலிருந்து கிளைத்ததோ அந்த நிலையை அளந்திருந்தால்தான் விடை உண்டு. ஆங்கிலத்தில் அதைப் பெற்றோர் என்பார்கள். நான் என் குறிப்புகளில் தாய் என்றே எழுதிவந்தேன். தாயை நிறுக்காமல் பிள்ளையை நிறுத்துவிட்டால், ஒன்றேகால் மணி நேரத்தைச் செலவிட்டு ஒப்பிட ஆளில்லாத ஓர் எண்ணைச் சம்பாதித்தவர்கள் ஆவோம். என் முதலிரு வரிசைகளும் பகலெல்லாம் இப்படிப்பட்ட அநாதை எண்களை உற்பத்தி செய்துகொண்டிருந்தன.

ஏத்தாப்பூரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. எங்கள் ஊரிலிருந்து சேலம் போகும் வழியில் திரும்பினால் வந்துவிடும். புது மரவள்ளி ரகத்தைச் சோதிக்கும் விதத்தைப் பயிர் ஆராய்ச்சி தெரிந்தவர்களிடம் கேட்டால் ஒரே மாதிரிதான் சொல்வார்கள்: முள்ளுவாடியோ குங்குமரோஸோ, ஏற்கெனவே விவசாயிகள் கையில் இருக்கும் ஒரு ரகத்தை ஒப்பு ரகமாக அதே வயலில், அதே பருவத்தில், அதே தண்ணீரில் பக்கத்துப் பாத்தியிலேயே நடுவார்கள். போன வருஷத்து முள்ளுவாடியோடு இந்த வருஷத்துப் புது ரகத்தை ஒப்பிடுவது அங்கே பாபம். சிறு வயதில் சைக்கிளில் எத்தனையோ முறை அந்த வழியாகப் போயிருக்கிறேன். பாத்திகளுக்கு நடுவே குத்தியிருந்த பலகைகளின் பொருளைத்தான் நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

ஆகவே மூன்றாவது வரிசையை வம்சாவளியின்படி அமைத்தேன். எந்த விண்ணப்பத்தின் தாய் அளக்கப்பட்டிருக்கிறதோ அதுவே உள்ளே போகத் தகுதி பெற்றது. தாய் இன்னும் வரிசையில் இருந்தால், முதலில் தாய். இது என் சொந்தக் கண்டுபிடிப்பு என்று மார்தட்ட இடமில்லை. ரஸ்ட் என்னும் நிரல்மொழியின் கம்பைலரை எழுதுகிறவர்கள் தங்கள் பெஞ்ச்மார்க் வரிசையின் நிரலைத் திறந்தே வைத்திருக்கிறார்கள். அதைப் படித்தபோது, தலைமுறை தலைமுறையாக அடுக்கி, ஒரே தலைமுறைக்குள் சோதனை மாற்றங்களை முன்னே விட்டு, அவற்றுள்ளும் விண்ணப்ப எண் சிறியதை முன்னே விடுவதைக் கண்டேன். சோதனையை முன்னே விடுவதில் ஒரு தயை இருக்கிறது. பிரதான கிளையில் ஏற்கெனவே சேர்ந்துவிட்ட மாற்றத்தின் எண் சற்றுத் தாமதமாக வந்தால் குடி முழுகிப்போகாது. சோதனை மாற்றத்தின் பின்னாலோ, சேர்ப்பதா வேண்டாமா என்று தீர்மானிக்க முடியாமல் ஒரு மனிதர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

இதிலும் ஒரு சங்கடம் முளைத்தது. அவசரமான பிள்ளையின் தாய், அவசரமற்ற கூட்டத்தின் கடைசியில் நிற்கும். பிள்ளைக்கு எவ்வளவு உயர்ந்த இடம் கொடுத்தாலும் தாய் வந்து சேரும்வரை அது நகராது. அதற்குள் நடுத்தரமான விண்ணப்பங்கள் ஒவ்வொன்றாக முந்திக்கொண்டு போகும். இதே வியாதி செவ்வாய்க் கிரகத்தில் கண்டிருக்கிறது. 1997ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் தேதி அங்கே இறங்கிய பாத்ஃபைண்டர் கலத்தின் கம்ப்யூட்டர், சில நாட்களில் தன்னைத்தானே அணைத்து மறுபடி தொடங்கிக்கொண்டது. பின்னரும் பலமுறை அப்படியே செய்தது. வானிலைத் தகவல் சேகரிக்கும் ஒரு சிறு வேலை, பொதுவான ஒரு பூட்டைக் கையில் பிடித்துக்கொண்டிருக்க, அந்தப் பூட்டுக்காக மிக முக்கியமான வேலை ஒன்று காத்திருக்க, இடையே நடுத்தர வேலைகள் புகுந்து அந்தச் சிறு வேலையை ஓடவொட்டாமல் தடுத்தன. முக்கிய வேலை குறித்த நேரத்தில் முடியாதது கண்ட காவல் நிரல், கம்ப்யூட்டரையே அணைத்துவிட்டது. பூமியிலிருந்து அனுப்பிய மருந்து எளியது: சிறியவன் பெரியவனைத் தடுத்துக்கொண்டிருக்கும்வரை, பெரியவனின் அந்தஸ்தைச் சிறியவனுக்கும் கொடுத்துவிடுவது. நானும் அதையே செய்தேன். பிள்ளையின் அவசரம் தாய்க்கு, தாயின் தாய்க்கு என்று மேல்நோக்கிப் போயிற்று. சொத்து மேலிருந்து கீழே வருவதைத்தான் நம் குடும்பங்களில் பார்த்திருக்கிறோம். இங்கே பிள்ளையின் அந்தஸ்து தாய்க்கு வந்தது.

எங்கள் சின்னமாமா ஓர் ஆலையின் வாசலில் டோக்கன் கொடுக்கும் வேலையில் முப்பது வருஷம் இருந்தவர். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து நான் பெங்களூரை விட்டு வசிஷ்ட நதிக்குச் சமீபத்தில் உள்ள எங்கள் பழைய வீட்டின் மாடி அறையில் அமர்ந்து வேலை செய்யத் தொடங்கிய காலத்தில், மத்தியானம் காப்பிக்கு வருகிற வழக்கமாய் வந்து என் பின்னால் நின்று திரையைப் பார்ப்பார். வரிசை என்றதும் அவருக்குச் சுவாரஸ்யம் வந்துவிட்டது. யார் யார் நிற்கிறார்கள், எதற்கு, எவ்வளவு நேரம் என்று விசாரித்துவிட்டு, "அது சரி மாப்ள, இதுல எந்தக் கிழங்கு சீக்கிரம் கெட்டுப்போகும்?" என்று கேட்டார்.

மண்ணிலிருந்து பிடுங்கிய மரவள்ளி இரண்டு மூன்று நாட்களில் உள்ளே நீலக் கறுப்பு நரம்போடிக் கெட ஆரம்பிக்கும். ஆகையால் வாசலில் நிற்பவன், வண்டி எப்போது வந்தது என்பதை மட்டும் கேட்க மாட்டான். கிழங்கை எப்போது பிடுங்கினாய் என்று கேட்பான். என் விண்ணப்பங்களுக்கு அழுகல் கிடையாது என்று சொல்ல வாயெடுத்தவன் அப்படியே நிறுத்திக்கொண்டேன். அழுகல் உண்டு. ஒருவர் மாற்றத்தை எழுதிப் பரீட்சைக்குப் போட்டுவிட்டு, அது நிற்கும்போதே நாலு வரியைத் திருத்திப் புதிதாக இன்னொன்றைப் போடுகிறார். அந்தக் கணத்தில் பழையது கெட்டுப்போன கிழங்கு. அதை அளந்து ஒருவருக்கும் பிரயோஜனமில்லை. அந்த வெள்ளிக்கிழமை இளைஞரின் பன்னிரண்டில் பதினொன்று அப்படிப்பட்டவையே. மறுநாளே எழுதினேன்: ஒருவரின் புது விண்ணப்பம் வந்தால் அவருடைய பழையது தானே விலகும். மாமா அதோடு விடவில்லை. "பழசு நின்ன இடத்தைப் புதுசுக்குக் குடுத்துடு. இல்லாட்டி அவன் கெட்ட கிழங்கையே வச்சிக்கிட்டு நிப்பானே ஒழிய நகர மாட்டான்" என்றார். இது எந்தப் புத்தகத்திலும் நான் படிக்காதது. இடத்தை வாரிசு உரிமையாக்கிய பிறகுதான் ஜனங்கள் தங்கள் பழைய விண்ணப்பங்களைத் தைரியமாக விட்டுக்கொடுத்தார்கள்.

வரிசையில் பை வைத்துவிட்டுப் போகும் வழக்கமும் எனக்கு உதவியது. மண்ணெண்ணெய்க்கு நின்ற நாட்களில் ரேஷன் கடை முன்னால் ஆட்களைவிடச் செங்கற்களும் கிழிந்த பைகளும் ஒற்றைச் செருப்புகளும்தான் அதிகம் நிற்கும். பரீட்சைக்கு விண்ணப்பம் வந்தவுடன் அதற்கான நிரல் தயாராகி இருக்காது. வேறிடத்தில் பில்டு ஆகி வர முக்கால் மணி நேரம் பிடிக்கும். தயாரான பிறகுதான் வரிசையில் சேர்ப்பேன் என்றால், பில்டு மெதுவாக நடக்கும் பெரிய மாற்றங்கள் என்றைக்கும் பின்னாலேயே நிற்கும். விண்ணப்பித்த கணமே சேர்த்து, அது தயாராகும்வரை யந்திரத்தை நிறுத்தி வைத்தால் நேரம் பாழ். செங்கல் இரண்டுக்கும் நடுவழி. விண்ணப்பித்த நேரத்துக்கு இடம் உண்டு. ஆள் வந்து சேராதபோது பின்னால் நிற்பவர் உள்ளே போகலாம். வந்ததும் தன் செங்கல் இருந்த இடத்தில் நிற்கலாம். உள்ளே போனவரைப் பாதியில் வெளியே இழுப்பது மட்டும் கிடையாது; ஆலையிலும் தொட்டியில் கொட்டிய கிழங்கைத் திரும்ப வண்டியில் ஏற்றுவதில்லை.

நிற்பதை மனிதர்கள் பொறுத்துக்கொள்ளுகிறார்கள். பின்னால் தள்ளப்படுவதைப் பொறுக்க மாட்டார்கள். வரிசையைத் திரையில் எல்லோரும் பார்க்கும்படி வைத்து, ஒவ்வொன்றும் எத்தனை மணிக்கு முடியும் என்றும் காட்டிய முதல் வாரத்தில் எனக்கு வந்த வசவுகளுக்கு அளவில்லை. காரணம் விசித்திரமானது. சமமான இரண்டு விண்ணப்பங்களுக்குள் எது முதல் என்று நான் நிர்ணயம் செய்யவில்லை. நிரல்மொழி அவற்றை வைத்திருந்த பெட்டகம், ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் வேறு கிரமத்தில் எடுத்துக் கொடுத்தது. பக்கத்தைப் புதுப்பிக்கும்போதெல்லாம் நாலாவது ஆள் ஆறாவதாவார், ஆறாவது ஐந்தாவதாவார். யாரோ ரகசியமாகச் சிபாரிசு வாங்குகிறார்கள் என்று புனேயில் ஒரு வதந்தியே கிளம்பிவிட்டது. எல்லா விதிகளும் சமமாகிப் போனால் கடைசியில் விண்ணப்ப எண் சிறியது முதல் என்று ஒரே ஒரு வரியைச் சேர்த்தேன்; வதந்தி அடங்கிற்று. என் வாழ்நாளில் எழுதிய வரிகளில் இவ்வளவு சமாதானத்தை உண்டாக்கியது வேறில்லை.

தாய் செத்துப்போனால் பிள்ளை என்ன செய்யும் என்ற விஷயத்தை நான் நெடுநாள் யோசிக்கவில்லை. தாயின் பில்டு உடைந்து, அளக்க முடியாமலே போனால், பிள்ளை என்றென்றும் காத்து நிற்கும். இப்படி மூன்று விண்ணப்பங்கள் ஒரு மூலையில் உறைந்து கிடந்ததைக் கண்டபின், அளக்கப்பட்ட மிக அண்மைய முன்னோர் எவரோ அவரோடு ஒப்பிடுவது என்று பாட்டியிடம் ஒப்படைத்தேன். ஒப்பு சற்றுத் தளர்ந்தது. எனினும் பாட்டி வளர்த்த பிள்ளைகள் நம்மில் எத்தனை பேர்!

இதைவிடப் பெரிய அசம்பாவிதம் ஒன்றை முழுக்க என் கைப்பிழையாகவே ஒப்புக்கொள்ள வேண்டும். யந்திரம் நடுவில் நின்று மறுபடி தொடங்கினால், பாதியில் விட்ட பரீட்சையே முதலில் ஓட வேண்டும் என்று விதித்திருந்தேன். கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது. ஒரு சனிக்கிழமை இரவு வந்த விண்ணப்பம், நினைவகம் முழுவதையும் விழுங்கி யந்திரத்தையே கவிழ்க்கும் ஜாதி. கவிழ்ந்தது, எழுந்தது, பாதியில் விட்டது எது என்று பார்த்தது, அதையே எடுத்தது, மறுபடி கவிழ்ந்தது. நான் மாடியில் நிம்மதியாக உறங்கினேன். ஞாயிறு காலை பார்க்கும்போது வரிசையில் ஒன்றும் நகரவில்லை. பதிவேட்டில் மட்டும் ஒரே பெயர் நாற்பத்தேழு முறை எழுதியிருந்தது. அன்று முதல் மூன்று முறைக்கு மேல் ஒருவருக்கும் வாய்ப்பில்லை. நாலாவது முறை அது வரிசையை விட்டு ஒதுங்கி, மனிதக் கண் படும்வரை ஓரத்தில் காத்திருக்கும்.

இரண்டாவது யந்திரம் வாங்கிக் கொடுங்கள் என்று இரண்டு வருஷம் கெஞ்சி, அது வந்த அன்றைக்கு எல்லோரும் இனிப்பு வழங்கிக்கொண்டோம். வரிசை பாதியாகும் என்பது அவர்கள் எண்ணம். எனக்குத் திண்ணை வாதம் ஞாபகம் வந்தது. தாயை ஒரு தராசிலும் பிள்ளையை வேறு தராசிலும் நிறுக்கலாகாது. ஆகவே பரீட்சைகளைத்தான் இரண்டாகப் பிரித்தேன். இன்ன இன்ன கேள்விகள் என்றும் முதல் யந்திரத்தில், மற்றவை என்றும் இரண்டாவதில். சதுரங்கம் ஆடும் ஸ்டாக்ஃபிஷ் நிரலை வளர்ப்பவர்கள் இதே சிக்கலுக்கு வேறு வழி கண்டிருக்கிறார்கள். 2013இல் கேரி லின்ஸ்காட் தொடங்கிய ஃபிஷ்டெஸ்ட் என்ற ஏற்பாட்டில், உலகெங்கும் உள்ள தொண்டர்களின் கம்ப்யூட்டர்களில் புது நிரலும் பழைய நிரலும் அதே யந்திரத்தில் ஒன்றோடொன்று ஆடுகின்றன. எந்த வீட்டுக் கம்ப்யூட்டர் மெதுவானதானாலும் அந்த மந்தம் இருவருக்கும் பொது. ஒப்பு ரகத்தைப் பக்கத்துப் பாத்தியில் நடும் சாஸ்திரத்துக்கு இதைவிட நெருங்கிய உறவை நான் கண்டதில்லை. எங்கள் இரண்டு யந்திரங்களும் ஒரே வேலையைத் தூக்கிக்கொள்ளாமலிருக்க, போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் 2016இல் வெளிவந்த 9.5ஆம் பதிப்பின் ஒரு வசதி கைகொடுத்தது: வேறொருவர் பூட்டிய வரியைக் கண்டால் நின்று காத்திராமல் அதைத் தாண்டி அடுத்ததை எடுத்துக்கொள்வது. பந்தியில் பரிமாறுகிற இருவர் ஒரே இலைக்குக் குனியாமல் போகிற பழக்கம்தான்.

ஒரு பொங்கல் வாரத்தில், ஐரோப்பாக்காரர்கள் வேறு காரியத்தில் மூழ்கியிருக்க, நம்மவர்கள் எல்லோரும் விடுமுறையில் போயிருக்க, வரிசை முதன்முறையாகக் காலியாயிற்று. அந்தத் தருணத்துக்கென்று ஒரு விதி எழுதி வைத்திருந்தேன்: வேறு எதுவும் இல்லாதபோது மட்டும், பல வருஷங்களுக்கு முன் வெளியிட்ட பழைய பதிப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து அளப்பது. எழுதிய நாளிலிருந்து ஒரு முறைகூட ஓடாத விதி. அது ஓடத் தொடங்கியதைப் பார்த்துவிட்டு, மாட்டுப் பொங்கலன்று சாயங்காலம் மாமாவுடன் காலாற நடந்துபோனேன். ஆலைகள் சாத்தியிருந்தன. களத்தில் ஜவ்வரிசி காயவில்லை. திப்பியின் வாடைகூடச் சற்று ஓய்ந்திருந்தது. மாமா வேலை பார்த்த ஆலையின் சாத்திய கேட்டுக்கு முன்னால், கேட்டில் முட்டுகிற மாதிரி, டிராக்டர் கழற்றிய ஒரு டிரெய்லர் மட்டும் தன்னந்தனியாக நின்றது. எட்டிப் பார்த்தேன், உள்ளே ஒரு கிழங்குகூட இல்லை.

"நாளன்னிக்குத்தான் தொறப்பாங்க" என்றார் மாமா. "இடம் போட்டுட்டுப் போயிருக்கான். கிழங்கு இன்னும் மண்ணுக்குள்ளதான் இருக்கும்."